வோல்ட் சரி, ஆம்ப் பத்தலை

“முந்தைய வேலையிலிருந்து ஏன் விலகினீர்கள்?” என்று அந்தப் பெண்மணி கேட்டு முடித்த நேரத்தில் என் மடிக்கணினி அணைந்துபோனது.

சார்ஜர் சொருகித்தான் இருந்தது. சுவரில் சுவிட்சும் போட்டுத்தான் இருந்தது. பூகிஸ் பக்கம், நிமிடக் கணக்கில் காசு வாங்கும் ஒரு சிறு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். கறுத்த திரையில் என் முகம் மட்டும் தெரிந்தது. கைப்பேசியில் மின்னஞ்சல் அனுப்பி மன்னிப்புக் கேட்டேன். நல்ல மனிதர்கள். ‘பரவாயில்லை, செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணிக்கு மறுபடியும் பேசலாம்’ என்று பதில் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை.

அவர் கேட்ட கேள்விக்கு அழகான ஒரு பதிலைத் தயாரித்து, கண்ணாடி முன் நின்று பத்து முறை சொல்லிப் பார்த்திருந்தேன். வீட்டில் அப்பாவுக்கு மட்டும் அந்தப் பதிலை இன்னும் சொல்லியிருக்கவில்லை.

நான் வேலை பார்த்த நிறுவனத்தில் விளம்பரக் காணொளிகளைத் தொகுக்கும் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். ஆட்குறைப்புக் கடிதம், கைகுலுக்கல், கொஞ்சம் இழப்பீடு. ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆனால் அதற்குப் பத்து நாள் முன்புதான் அப்பாவுக்கு இதயக் குழாயில் ‘ஸ்டென்ட்’ வைத்திருந்தார்கள். “மனசுக்குப் பாரம் கொடுக்காதீங்க” என்று மருத்துவர் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மனைவிக்குத் தெரியும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாது. தொடக்கநிலை 3 படிக்கும் மகளுக்கும் தெரியாது.

ஆகவே தினமும் காலையில் சட்டையை உள்ளே விட்டு, பையை மாட்டிக்கொண்டு, தேக்கா பக்கமிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து புறப்படுவேன். எம்ஆர்டி நிலையம் வரை போய், திரும்பி, ரோச்சோர் கால்வாயைத் தாண்டி நடந்தே விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்துக்குப் போவேன். 16 மாடிக் கட்டடம். மின்சாரத் துளை அருகிலிருக்கும் இருக்கைக்குப் போட்டி அதிகம். கதவு திறக்கும்போதே வரிசையில் நிற்கும் முகங்கள் எனக்குப் பழகிவிட்டன. அவர்களில் எத்தனை பேர் என்னைப்போல் வீட்டில் சொல்லாமல் வந்தவர்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

அலுவலகக் கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால், 2020இல் காணொளித் தொகுப்புக்காக வாங்கிய என் சொந்த மடிக்கணினியே கதி. கனமான 15 அங்குல இயந்திரம். அதில்தான் பழைய வேலைகளின் மாதிரிக் காணொளிகளைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். அது சில வாரமாகவே வம்பு செய்தது. சார்ஜரில் போட்டுக்கொண்டே வேலை செய்தாலும் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். காலையில் 100, மதியம் 40, மூன்று மணிக்கு 15. அந்த வெள்ளிக்கிழமை நேர்காணலைத் தொடங்கும்போது 14 விழுக்காடு இருந்தது. ‘சார்ஜரில்தானே இருக்கிறது’ என்று துணிந்து உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் முடிந்துபோனது.

கடைசியிலிருந்து தொடங்கிய வைத்தியம்

சனிக்கிழமை காலையில் முதல் வேலையாக ஒரு பழுதுபார்ப்புக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் சார்ஜரைச் சொருகினார். ஓரத்து விளக்கு எரிந்தது. “பவர் வருது, ஆனா ஏறல. அநேகமா மதர்போர்டு. 480 வெள்ளி ஆகும், அஞ்சு நாள் ஆகும்” என்றார். புதிதாக வாங்கினால் எவ்வளவு என்று கேட்டேன். அவர் சொன்ன விலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாத மளிகையும் மகளின் துணைப்பாட வகுப்பும் அடங்கிவிடும். ஐந்து நாளும் இல்லை, 480 வெள்ளி கொடுக்க மனமும் இல்லை. மடிக்கணினியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

வீட்டில் அப்பா சாப்பாட்டு மேசையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். அப்பா மின்தொழிலாளி. இருபது வயதில் வடக்கே ஒரு கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். ஓய்வுபெற்றுப் பல ஆண்டாகியும் அவருடைய மல்ட்டிமீட்டர் இன்னும் தொலைக்காட்சி மேசையின் இழுப்பறையில்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் எது பழுதானாலும் இப்போது நாங்கள் அவரைக் கேட்பதில்லை. ‘இதெல்லாம் புது சாமான், உங்களுக்குப் புரியாதுப்பா’ என்று நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவரும் எதையும் தொடுவதில்லை.

“என்னடா, மூஞ்சி சரியில்லையே?” என்றார்.

“லேப்டாப் சார்ஜ் ஏறலப்பா. போர்டு போயிடுச்சாம்.”

“யார் சொன்னா?”

“கடையில.”

“எதை எதைப் பார்த்துட்டுச் சொன்னாங்க?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அப்பா நாளிதழை மடித்து வைத்தார். “கப்பல்ல ஒரு பம்ப் ஓடலன்னா மோட்டாரைக் கழட்ட மாட்டோம். முதல்ல பிரேக்கரைப் பார்ப்போம். அப்புறம் ஒயரு. அப்புறம்தான் மோட்டாரு. இதைக் கொண்டா” என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா சமையலறையிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் வாய் மூடிக்கொண்டது.

சுவரிலிருந்து மேசை வரை

முதலில் சுவர். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அதே துளையில் மேசை விளக்கைச் சொருகினார். விளக்கு எரிந்தது. “சுவர் தப்பிச்சிருச்சு” என்றார். நீட்டிப்பு வடத்தில் போடாமல் நேரே சுவரில் போட்டுச் சோதிக்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடுமாம்.

அடுத்து பிளக். இங்கே நாம் பயன்படுத்தும் மூன்று முள் பிளக்குக்குள் ஒரு குட்டி ஃபியூஸ் இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்திலிருந்து வந்த பழக்கம். ஊரிலிருந்து கொண்டுவரும் உருண்டை முள் பிளக்கில் அது கிடையாது. ஃபியூஸ் போயிருந்தால் ஒரு துளி மின்சாரமும் வராது. விளக்கு எரிகிறதே, ஆகவே அதுவும் இல்லை.

மூன்றாவது, மடிக்கணினியின் துளை. கணினியை முழுவதும் அணைக்கச் சொல்லிவிட்டு, கைவிளக்கை அடித்துப் பார்த்தார். பையில் கிடந்து கிடந்து பஞ்சும் தூசியும் ஒட்டியிருந்தன. அம்மாவிடம் மரப் பல்குச்சி ஒன்று கேட்டு வாங்கி மெல்ல வருடி எடுத்தார். “ஊசி, குண்டூசி உள்ளே விட்டுறாதே. இரும்பு பட்டா உள்ளே இருக்கிற முள்ளு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்” என்றார். சுத்தம் செய்த பின் சொருகினோம். முன்பைவிட இறுக்கமாக உட்கார்ந்தது. ஆனால் குறை தீரவில்லை.

நான்காவதாக என் பங்குக்கு அமைப்புகளைத் திறந்து காட்டினேன். பல நிறுவனங்கள் பேட்டரியின் ஆயுளைக் காக்க 60 அல்லது 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதி வைத்திருக்கின்றன. அது தெரியாமல் பலர் பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓடுவதுண்டு. லித்தியம் அயன் பேட்டரியை எந்நேரமும் நிறைத்தே வைத்திருந்தால் அது சீக்கிரம் கிழடாகிவிடும். அந்தக் காரணத்துக்காக வந்த வசதி அது. என் கணினியில் அது அணைந்தே இருந்தது.

“பேட்டரிக்கு என்ன வயசு?”

விண்டோஸ் கணினிகளில் ஒரு கட்டளை கொடுத்தால் பேட்டரி அறிக்கை ஒன்றைத் தரும். புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது என்று இரண்டு எண்கள் அதில் இருக்கும். என்னுடையது 71இலிருந்து 58 வாட்-மணிக்கு இறங்கியிருந்தது. ஐந்து ஆண்டு உழைத்ததற்கு நல்ல நிலைமைதான். விசைப்பலகைப் பக்கம் மேடுதட்டி வீங்கியிருக்கிறதா என்றும் அப்பா தடவிப் பார்த்தார். வீங்கியிருந்தால் உடனே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட வேண்டும், அழுத்தவோ குத்தவோ கூடாது என்றார். எனக்கு நிம்மதி. அது தட்டையாகவே இருந்தது.

அதன் பிறகு அப்பா ஒரு கேள்வி கேட்டார். கடைக்காரர் கேட்காத கேள்வி, நானும் என்னையே கேட்டுக்கொள்ளாத கேள்வி.

“ராத்திரி அணைச்சு வச்சு சார்ஜ் போட்டா என்ன ஆகுது?”

“காலையில 100 இருக்கும்.”

“அப்போ ஏறுதே!”

நான் விழித்தேன்.

“போர்டு போயிருந்தா ராத்திரியும் ஏறாதுடா. தூங்கும்போது ஏறுது, வேலை செய்யும்போது இறங்குது. வரவு இருக்கு. செலவு அதைவிடக் கூட இருக்கு. அவ்வளவுதான்.”

வரவு, செலவு என்ற வார்த்தைகள் அந்த ஐந்து வாரத்தில் என் காதில் எப்படி விழும் என்று சொல்லவேண்டியதில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் மடிக்கணினியைப் பார்த்தேன்.

பூதக்கண்ணாடியில் தெரிந்தது

அப்பா தன் பூதக்கண்ணாடியை எடுத்துவந்தார். நாளிதழின் சின்ன எழுத்துக்காக வாங்கியது. மடிக்கணினியைக் குப்புறப் போட்டு அடிப்பக்கத்தில் அச்சிட்டிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். “20 வோல்ட், 4.75 ஆம்ப்.” அதை நாளிதழின் ஓரத்தில் எழுதினார். பிறகு சார்ஜரைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்து, சாம்பல் நிறப் பொடி எழுத்துகளில் ‘அவுட்புட்’ என்று போட்டிருந்த வரியைத் தேடினார். வரிசையாகப் பல எண்கள் இருந்தன. கடைசி எண்ணை எழுதினார். “20 வோல்ட், 2.25 ஆம்ப்.”

இரண்டையும் பெருக்கினார். மேலே 95. கீழே 45.

“வோல்ட் சரி, ஆம்ப் பத்தலை” என்றார். “இது 95 வாட் கேக்குது. நீ 45 வாட் கொடுத்துக்கிட்டு இருக்கே. சும்மா எழுதுறதுக்குப் போதும். நீ படம் வெட்டி ஒட்டுற வேலைக்கு எப்படிப் போதும்? மிச்சத்துக்கு பேட்டரியைக் கடிச்சுத் தின்னுது.”

இதில் கணினியின் தவறு எதுவும் இல்லை. 2014இல் வந்த ‘யுஎஸ்பி டைப்-சி’ என்ற சிறிய நீள்வட்டத் துளை, கைப்பேசி முதல் மடிக்கணினி வரை எல்லாவற்றுக்கும் பொதுவாகிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசிகளுக்கு அதையே கட்டாயமாக்கியது. மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 என்று நாள் குறித்தது. வீட்டில் வடங்கள் குறைவது நல்லதுதான். ஆனால் முனை ஒன்றுபோல் இருப்பதால் உள்ளே வருவதும் ஒன்றுதான் என்று நாம் நம்பிவிடுகிறோம். கைப்பேசிக்கு 20 வாட் போதும். மெல்லிய அலுவலகக் கணினிக்கு 45 அல்லது 65. வரைகலைச் சில்லு வைத்த கனத்த கணினிக்கு 95, 100, அதற்கும் மேல். சார்ஜரும் கணினியும் சொருகிய கணத்திலேயே தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. ‘என்னால் இவ்வளவுதான் முடியும்’ என்கிறது சார்ஜர். ‘சரி, அதைக் கொடு’ என்கிறது கணினி. அதனால் புகையும் வருவதில்லை, வெடிப்பதும் இல்லை. விளக்கு எரியும். எல்லாம் சரியாக நடப்பதுபோலவே தோன்றும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ‘மெதுவான சார்ஜர்’ என்று திரையின் மூலையில் ஒரு சிறு அறிவிப்பு பல வாரமாக வந்துகொண்டுதான் இருந்தது. அதைப் படிக்காமலே ஒவ்வொரு முறையும் மூடிக்கொண்டிருந்தேன். அந்த வாரங்களில் நான் படிக்காமல் மூடியது அது ஒன்றை மட்டுமல்ல.

“சரி, இது உன் சார்ஜர் இல்ல. இதுகூட வந்தது இன்னும் பெருசா இருக்குமே? அது எங்கே?” என்றார் அப்பா.

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. அலுவலகத்துக்கு என் பெரிய சார்ஜரைத்தான் கொண்டுபோவேன். அது அலுவலகக் கணினியையும் வேகமாக நிரப்பும் என்பதால் அப்படி ஒரு பழக்கம். அலுவலகம் கொடுத்த குட்டிச் சார்ஜர் வீட்டு இழுப்பறையில் கிடந்தது. கடைசி நாளன்று ‘எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்’ என்றார்கள். கணினி, நுழைவு அட்டை, பையிலிருந்த சார்ஜர் மூன்றையும் வைத்துவிட்டு, எதையும் பார்க்காமல் வெளியே வந்தேன்.

“ஆபீசுல திருப்பிக் கொடுத்துட்டேன்பா.”

“உன்னோடதை எதுக்கு அங்கே கொடுத்தே?”

பொய் சொல்ல வழி இருந்தது. ‘மாத்திக் கொடுத்துட்டேன், திங்கள்கிழமை எடுத்துட்டு வரேன்’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு மணி நேரமாக அந்த மேசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒவ்வொரு பொய்யையும் கழித்துக்கொண்டே வந்திருந்தோம். சுவர் இல்லை, பிளக் இல்லை, துளை இல்லை, பேட்டரி இல்லை. மிச்சம் இருந்தது நான்தான்.

“வேலை போயிடுச்சுப்பா. எல்லாத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னாங்க. கவனிக்காம என்னோடதையும் சேர்த்துக் கொடுத்துட்டேன்.”

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. அப்பா பூதக்கண்ணாடியை மேசைமேல் மெல்ல வைத்தார்.

“எத்தனை நாளாச்சு?”

“அஞ்சு வாரம்.”

“தினமும் எங்கே போனே?”

“லைப்ரரிக்கு.”

அவர் தலையை ஆட்டினார். நெஞ்சில் கைவைப்பாரோ என்று நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை சார்ஜர் வடத்தை ஒழுங்காகச் சுற்றி, ரப்பர் வளையம் போட்டது. “நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சிம் லிம் போவோம். செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி சாமான் வாங்கணும்ல?” என்றார். அவ்வளவுதான். எனக்கு நேர்காணல் இருக்கிறது என்று மனைவி அவரிடம் அதற்குள் சொல்லிவிட்டிருந்தாள்.

சுங்கை ரோட்டில் அப்பா நின்ற இடம்

ஞாயிற்றுக்கிழமை தேக்கா எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதோடு தீபாவளிக்குச் சில வாரமே இருந்ததால் சிராங்கூன் ரோட்டுக்கு மேலே ஒளியலங்கார வளைவுகள். பகல் வெளிச்சத்தில் விளக்கெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தன. வாரம் முழுதும் உழைத்துவிட்டு வந்த ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக நின்று வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு மெதுவாகத்தான் நடக்க முடியும். சுங்கை ரோடு ஓரமாக நடந்தோம். ஜாலான் புசார் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன்.

“இங்கேதான் சந்தை போடுவாங்க” என்றார்.

திருட்டுச் சந்தை என்று பெயர் வாங்கிய சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை. 80 ஆண்டுக்கு மேல் நடந்து, 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு வந்திருக்கிறேன். பழைய கடிகாரம், ரேடியோ, ஒற்றைச் செருப்புகூட விற்பார்கள். அப்பா இங்கே ஏன் அடிக்கடி வருவார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

“எண்பத்தஞ்சுல எனக்கு வேலை போச்சு. உனக்குத் தெரியாது, நீ பொறக்கல. உங்கக்கா வயித்துல இருந்தா.”

எனக்கு அது உண்மையிலேயே தெரியாது. 1985இல் வந்தது, சிங்கப்பூர் தனி நாடான பிறகு கண்ட முதல் பொருளியல் மந்தம். கப்பல் துறைக்குப் பலத்த அடி. மறு ஆண்டு ஏப்ரலில் மத்திய சேம நிதிக்கு முதலாளிகள் செலுத்தும் பங்கை 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்குக் குறைத்தார்கள் என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்த வரியில் என் அப்பா இருந்தார் என்பது தெரியாது.

“உங்கம்மாகிட்ட பதினெட்டு நாள் சொல்லல. சோத்து டப்பாவைத் தூக்கிக்கிட்டு இங்கேதான் வந்து நிப்பேன். ஒரு கிழவர் பழைய ரேடியோ ரிப்பேர் பண்ணி விப்பாரு. சும்மா நிக்கிறியே, இதைப் பிடின்னு சால்டரிங் அயர்னைக் கையில கொடுத்தாரு. ஒரு நாளைக்கு நாலஞ்சு வெள்ளி கொடுப்பாரு.”

“அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“சோத்து டப்பாவுல சால்டர் ஈயம் ஒட்டியிருந்துச்சு.” அப்பா சிரித்தார். “அன்னைக்கு உங்கம்மா திட்டினது வேலை போனதுக்கு இல்ல. பதினெட்டு நாள் ஒண்டியா நின்னதுக்கு.”

பிறகு நடந்தார். நானும் நடந்தேன். சாலையைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தடுமாறாமல் இருப்பதற்கா, நான் தடுமாறாமல் இருப்பதற்கா என்று தெரியவில்லை.

காட்டிக்கொடுத்த குட்டி மீட்டர்

சிம் லிம் ஸ்குவேரில் மேல்மாடி ஒன்றில் சார்ஜரும் வடமும் மட்டுமே விற்கும் ஒரு குட்டிக் கடை. கடைக்காரச் சீனப் பெரியவரிடம் அப்பா பசார் மலாயில் பேசினார். எண்களை எழுதிய நாளிதழ்த் துண்டை நீட்டினார். பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, தீப்பெட்டி அளவில் ஒரு மீட்டரை எடுத்து வடத்துக்கும் கணினிக்கும் நடுவில் சொருகினார். நான் கணினியில் காணொளி ஒன்றை ஓடவிட்டேன். பழைய குட்டிச் சார்ஜரில் மீட்டர் 43 வாட் காட்டியது. 95 வாட் சார்ஜரை மாற்றிச் சொருகினார். எண் ஏறி 88இல் நின்றது. பேட்டரிப் படம் முதல்முறையாக மேல்நோக்கி நகர்ந்தது.

வாங்குவதற்கு முன் அப்பா மூன்று விஷயம் பார்த்தார். சார்ஜரை மாற்றப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

ஒன்று, வோல்ட் பொருந்த வேண்டும்; வாட் கணினி கேட்பதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். டைப்-சி சார்ஜரில் வாட் அதிகம் இருந்தால் கெடுதல் இல்லை, கணினி தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். பழைய உருண்டை முனைச் சார்ஜருக்கு இந்தப் பேச்சுவார்த்தை தெரியாது. அதில் வோல்ட் மாறினால் ஆபத்து.

இரண்டு, வடம். டைப்-சி வடங்கள் எல்லாம் ஒன்றல்ல. சாதாரண வடம் 3 ஆம்ப் வரைதான் தாங்கும். அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்ப் என்று குறிக்கப்பட்ட வடம் வேண்டும். நல்ல சார்ஜரை வாங்கிவிட்டு, கைப்பேசி வடத்தைப் போட்டு ஏமாறுபவர்கள் உண்டு.

மூன்று, பாதுகாப்புக் குறி. சிங்கப்பூரில் விற்கும் சார்ஜர்களுக்கு ‘சேஃப்டி மார்க்’ இருக்கவேண்டும். அந்தக் குறியையும் பதிவெண்ணையும் தேடிப் பார்த்த பிறகே அப்பா பணப்பையைத் திறக்க விட்டார். விலை 70 வெள்ளிக்குச் சற்றுக் கூட. 480 அல்ல.

கிளம்பும்போது, பழைய கணினியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று முந்தைய நாள் நினைத்தது ஞாபகம் வந்தது. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேருவதாகத் தேசிய சுற்றுப்புற வாரியம் கூறுகிறது. 2021 ஜூலை முதல் தயாரிப்பாளர்களே அதைச் சேகரித்து மறுபயனீடு செய்யப் பொறுப்பேற்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கடைத்தொகுதிகளில் மின்கழிவுத் தொட்டிகளும் இருக்கின்றன. உண்மையிலேயே செத்த சாமானை அங்கே சேர்க்கவேண்டும், குப்பைக் குழாயில் அல்ல. ஆனால் அதற்கு முன்பு அது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று யாராவது பார்க்கவேண்டும். 2014இல் தொடங்கிய ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ போன்ற அக்கம்பக்க முயற்சிகளில் தொண்டூழியர்கள் அதைத்தான் சொல்லித்தருகிறார்கள். பழுதை அவர்கள் நீக்கிக் கொடுப்பதைவிட, நம்மையே நீக்கச் செய்வதுதான் அங்கே நோக்கம். அப்பாவை அங்கே தொண்டூழியராகச் சேரச் சொன்னேன். “முதல்ல உன் சாமானை ஒழுங்கா வை” என்றார்.

செவ்வாய்க்கிழமை

திங்கள்கிழமை காலை முன்னாள் அலுவலகத்துக்கு அந்தக் குட்டிச் சார்ஜரோடு போனேன். போகத் தயங்கினேன். “அவங்க சாமானைத் திருப்பிக் கொடுக்கிறதும் உன் சாமானைக் கேக்கிறதும் வெக்கமா?” என்று அப்பா கேட்டதால் போனேன். வரவேற்பறையில் இருந்த பெண் ஒரு பெட்டியிலிருந்து என் பெரிய சார்ஜரை எடுத்துக் கொடுத்துவிட்டு, “இது யாரோடதுன்னு நாங்களும் தேடிக்கிட்டு இருந்தோம்” என்றார். மூன்று நிமிடத்தில் முடிந்தது. அந்த மூன்று நிமிடத்துக்கு அஞ்சித்தான் ஐந்து வாரமாக அந்தக் கட்டடம் இருக்கும் தெருவையே தவிர்த்து வந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நேர்காணலை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். இனி கண்ணாடி அறைக்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியம் இல்லையே. அம்மா தொலைக்காட்சியை நிறுத்தினார். அப்பா படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பேட்டரி 100இல் நின்றது. அதே பெண்மணி, சிரித்தபடி, விட்ட இடத்திலிருந்து கேட்டார்: “முந்தைய வேலையிலிருந்து ஏன் விலகினீர்கள்?”

தயாரித்து வைத்திருந்த அழகான பதில் நினைவில்தான் இருந்தது. ஆனால் “எங்கள் பிரிவை மூடினார்கள். நான் ஆட்குறைப்பு செய்யப்பட்டேன்” என்று மட்டும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அவ்வளவுதான் அந்தக் கேள்வி.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. ஒன்பது வாரம் கழித்து வேறோர் இடத்தில் ஓராண்டு ஒப்பந்த வேலை கிடைத்தது. சம்பளம் முன்பைவிடக் குறைவு. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். துணைப்பாடத்தில் ஒன்றை நிறுத்தினோம். மகள் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

இப்போது எங்கள் வீட்டு இழுப்பறையில் இருக்கும் ஒவ்வொரு சார்ஜரிலும் அப்பா மாஸ்கிங் டேப் ஒட்டி, தடித்த பேனாவால் வாட் எழுதி வைத்திருக்கிறார். 20, 20, 65, 95, 95. கடைசி இரண்டில் ஒன்றில் எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. ‘யாரிடமும் கொடுக்கும் முன் வீட்டில் சொல்லவும்.’